மீனைப் போத்தலில் அடைக்க எந்தச் சட்டி, எந்த அடுப்பு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஊத்தான் மெலிந்தாங் அக்கா:

எங்கள் ஊர் தோட்டப்பட்டணம்தான். ஆனால் பெர்ணம் ஆற்றங்கரையில் இருப்பதால் மீனுக்குக் குறைவில்லை. படகு வரும் நாளில் கெம்போங் (கானாங்கெளுத்தி) மலிவாகக் கிடைக்கும். சீனப் பெருநாள் நெருங்கினால் படகுக்காரர்கள் ஓய்வுக்குப் போய்விடுவார்கள், விலை ஏறிவிடும். ஃபிரீசரில் போட்டு வைத்தாலும் கெம்போங் மாதிரி எண்ணெய் மீன் சில மாதத்தில் காறத் தொடங்கும். அதனால் நாங்கள் போத்தலில் அடைத்து வைக்கிறோம்.

எல்லாரும் முதலில் செய்முறையைத்தான் கேட்கிறார்கள். அது எளிது. தலை, வால், துடுப்பு, செதில், குடல் நீக்கி, அரை லிட்டர் கண்ணாடிப் போத்தலில் பச்சையாக அடுக்குங்கள். மேலே ஓர் அங்குலம் இடம் விடுங்கள். விரும்பினால் ஒரு தேக்கரண்டி உப்பு. தண்ணீர் ஊற்ற வேண்டாம், மீனே நீர் விடும். முள் எல்லாம் கடித்துச் சாப்பிடும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும்.

சிரமம் அதற்குப் பிறகு, போத்தல்களைக் கேனரில் (நீராவி அழுத்தத்தில் வேக வைக்கும், மூடியைப் பூட்டும் பெரிய சட்டி) வைத்து எடுக்கும் 100 நிமிடத்தில் இருக்கிறது. மூடியின் ஆவித் துளை மேல் எடை வைக்கும் கேனர் என்றால் 10 பவுண்டு அழுத்தம், ஊசி காட்டும் மானி என்றால் 11 பவுண்டு. அமெரிக்க வேளாண் துறை தரும் அளவு இது, நம் தாழ்நில ஊர்களுக்கு அப்படியே பொருந்தும். அந்த 100 நிமிடத்தில் அழுத்தம் ஒரு தடவை குறைந்தாலும் மறுபடி ஏற்றி, நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். அதனால் சட்டி வாங்குவதற்கு முன்பே அடுப்பைப் பாருங்கள் என்று கேட்பவர்களிடம் எல்லாம் சொல்லி வருகிறேன். பலமான தீ தேவையே இல்லை. ஒரே அளவாக, நீண்ட நேரம் நிற்கிற தீதான் வேண்டும். எங்கள் வீட்டில் சாதாரண இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. அழுத்தம் ஏறியதும் தீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, எடை நிதானமாக ஆடும் இடத்தில் விட்டுவிடுவேன். அன்றைக்கு வேறு சமையல் கிடையாது. முழு சிலிண்டர் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

கேனரில் எங்களிடம் இருப்பது பிரெஸ்டோ 23 குவார்ட் (சுமார் 22 லிட்டர்). அதோடு வருவது 15 பவுண்டு எடை ஒன்று மட்டும். 5, 10, 15 என்று மாற்றி வைக்கக்கூடிய மூன்று துண்டு எடையைத் தனியாக வாங்கிப் போட்டிருக்கிறேன். ஊசி மானியை வருடத்துக்கு ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஆள் இல்லை. எடைக்கு அந்தத் தொல்லை கிடையாது.

உங்கள் வீட்டில் எப்படி?

கோயில் சமையல்காரர், பாகான் டத்தோ:

அக்கா, தீ விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. திருவிழாவுக்குச் சோறு வடிக்கிற ஹை பிரஷர் அடுப்பில் ஓர் உறவினர் கேனரை ஏற்றினார். அழுத்தம் மளமளவென்று ஏறியது. தீயைக் குறைத்ததும் சரசரவென்று இறங்கியது. இப்படி ஏறி இறங்கினால் போத்தலுக்குள் இருக்கும் சாறு மூடி வழியாக வெளியே இழுக்கப்பட்டுவிடும். திறந்தபோது பாதிப் போத்தலில் சாறே இல்லை, மீன் வறண்டு கிடந்தது. மூடியின் ரப்பர் ஓரத்தில் எண்ணெய் ஏறியதால் சில மூடிகள் பிடிக்கவும் இல்லை. 12,000 பிடியூவுக்கு மேற்பட்ட அடுப்பில் வைக்காதே என்று பிரெஸ்டோ கையேடே சொல்கிறது. அது கிட்டத்தட்ட மூன்றரை கிலோவாட். திருவிழா அடுப்பு அதையெல்லாம் எங்கேயோ தாண்டிவிடும். அலுமினியச் சட்டியின் அடியும் வளைந்துவிடும்.

தாமான் வீட்டுக்காரி, தெலுக் இந்தான்:

இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், வெறும் அலுமினியக் கேனர் அதில் சூடாகவே ஆகாது. அப்புறம், அமெரிக்காவில் விற்கும் மின்சாரக் கேனரை இணையத்தில் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது 120 வோல்ட், நம் வீட்டில் வருவது 240.

செம்பனை ஆலை பாய்லர்மேன்:

நான் பேச வேண்டிய இடம் இது. ஆலையில் பழக்குலையை நீராவியில் அவிக்கிறோம், சுமார் 40 பவுண்டு அழுத்தம். பெரிய உருளைக்குள் குலை ஏறிக் கதவு மூடியதும் முதல் வேலை, உள்ளே இருக்கும் காற்றை விரட்டுவது. நீராவியை ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்றி இறக்கி, மூன்றாவது ஏற்றத்தில்தான் நிறுத்தி அவிப்போம். காற்று உள்ளே தங்கினால் மானி சரியான எண்ணைத்தான் காட்டும், ஆனால் வெப்பம் அந்த எண்ணுக்கு உரிய அளவு இருக்காது. காற்றும் நீராவியும் சேர்ந்து அந்த அழுத்தத்தைக் கொடுக்கிறது, வெப்பத்தைக் கொடுப்பது நீராவி மட்டும்தான். இது தெரியாதவன் மானியை மட்டும் பார்த்து ஏமாந்துபோவான்.

கேனரிலும் இதே கதைதான். மூடியைப் பூட்டியதும் எடையை வைத்துவிடாதீர்கள். துளை வழியாக நீராவி புனல் மாதிரி பலமாக வரத் தொடங்கிய பிறகு முழுதாக 10 நிமிடம் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் எடை. காற்று போன பிறகு 10 பவுண்டு என்றால் உள்ளே 115 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலே. மீனில் புளிப்பு இல்லை, மூடிய போத்தலில் காற்றும் இல்லை. போட்டுலினம் கிருமியின் வித்து முளைத்து விஷம் கக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வெறும் கொதிநீர் 100 பாகையைத் தாண்டாது, அந்த வித்து அதைத் தாங்கிக்கொள்ளும். இந்த விஷத்துக்கு வாசனையோ நிறமோ கிடையாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சட்டியைப் பற்றி என் கருத்து: கை வசதி இருந்தால் ஆல் அமெரிக்கன் 921. மூடிக்கு ரப்பர் வளையமே கிடையாது. உலோகமும் உலோகமும் நேராக உட்கார, சுற்றி இருக்கும் திருகுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும். வளையம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் ரொம்பக் கனம். லயத்து வீட்டு மேசையில் வைத்த லேசான கேஸ் அடுப்பில் ஏற்றாதீர்கள், நல்ல இரும்புத் தாங்கி உள்ள அடுப்பு வேண்டும். எடை ஆடும் விதமும் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். பிரெஸ்டோவின் எடை மெதுவாக விடாமல் ஆட வேண்டும், ஆல் அமெரிக்கனுடையது நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை ஆடினால் போதும்.

பீடோர் தம்பி:

அண்ணே, வீட்டில் பருப்பு வேக வைக்கிற விசில் குக்கரும் 15 பவுண்டுதானே? அதில் நான்கு போத்தலை வைத்துக் கூடுதல் நேரம் விட்டால் ஆகாதா?

செம்பனை ஆலை பாய்லர்மேன்:

வேண்டாம் தம்பி. சின்னக் குக்கர் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும். அந்த 100 நிமிடக் கணக்கு, பெரிய கேனர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும்போது மீனுக்குள் போகும் வெப்பத்தையும் சேர்த்துப் போட்டது. விசில் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் விழுந்து எழும். கூடுதலாக எவ்வளவு நேரம் விட்டால் சரியாகும் என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. ஒரு குவார்ட் (சுமார் ஒரு லிட்டர்) போத்தல் குறைந்தது நான்கு நிமிர்ந்து நிற்கிற சட்டிதான் கேனர். அதையும் அடுப்பை அணைத்த பிறகு தானாக ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, எடையைத் தூக்கி ஆவியை விடவும் கூடாது.

ரிங்லெட் தேயிலைத் தோட்டத்திலிருந்து:

கேமரன் மலைக்காரர்கள் மேலே சொன்ன 10 பவுண்டை எடுத்துக்கொள்ளாதீர்கள். 300 மீட்டருக்கு மேலே போனாலே எடை 15 பவுண்டு என்பது கணக்கு. எங்கள் உயரத்தில் தண்ணீரே 100 பாகைக்கு முன்னால் கொதித்துவிடும். நேரம் அதே 100 நிமிடம்தான். ஊசி மானி வைத்திருந்தால் உங்கள் ஊரின் உயரத்தைப் பார்த்து, கையேட்டு அட்டவணையில் உள்ள எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து மருந்தக உதவியாளர்:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சூரை மீன் சாப்பிட்டு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிப்போடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கெம்போங், சூரை, தெங்கிரி இந்த வகை மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். எந்தக் கேனரின் சூடும் அதை அழிக்காது. மோட்டாரில் மீன் வாங்கப் போகிறவர்கள் ஐஸ் பெட்டியோடு போங்கள்.

பழைய லயத்துக்காரர், சுங்கை சிப்புட்:

பால்மரக் கட்டை வைத்து வெளியடுப்பில் செய்யலாமா என்று என் தங்கை கேட்டாள். ரப்பர் விறகு நன்றாக எரியும், விருந்துச் சமையலுக்கு அதை மிஞ்ச முடியாது. ஆனால் கட்டை எரிந்து விழும்போது தீ தாழும், புதுக்கட்டை பிடித்ததும் எகிறும். அதைப் பார்த்துப் பார்த்து ஒன்றே முக்கால் மணி நேரம் சமாளிக்க முடியாதம்மா என்று சொல்லிவிட்டேன். இப்போது மீன் வெட்டுவது, போத்தல் கழுவ வெந்நீர் வைப்பது எல்லாம் விறகடுப்புப் பக்கம். கேனர் மட்டும் உள்ளே கேஸில்.

ஊத்தான் மெலிந்தாங் அக்கா:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் நன்றி. குழம்பாக வைத்தே அடைக்கலாமா என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். வேண்டாம். கெட்டியான மசாலாவுக்குள் வெப்பம் போகும் வேகம் வேறு, இந்த 100 நிமிடம் அதற்குப் பொருந்தாது. உப்பு மட்டும் போட்டு அடைத்து வையுங்கள். திறந்த பிறகு சம்பலோ பெரட்டலோ செய்து, சாப்பிடுவதற்கு முன் 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். காப்பித் தூள், காயா வந்த போத்தல்களையும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். கேனருக்கென்றே செய்த, தட்டை மூடி, திருகு வளையம் என இரண்டு துண்டு மூடியுள்ள போத்தல்தான் இந்தச் சூட்டைத் தாங்கும். திருகு வளையத்தையும் போத்தலையும் மறுபடி பயன்படுத்தலாம், தட்டை மூடி மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்க வேண்டும்.