மாட்டுப் பண்ணைக்கு டிராக்டரும் கருவிகளும்: வாங்கியவர்களின் அனுபவப் பகிர்வு

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

உழவுக்கு டிராக்டர் வாங்குவது வேறு, மாட்டுப் பண்ணைக்கு டிராக்டர் வாங்குவது வேறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உழவுக்காரருக்கு ஆண்டில் சில வாரங்கள்தான் வண்டி கடுமையாக ஓடும். கறவை மாடு வைத்திருப்பவருக்கோ தீபாவளியன்றும் புல் வந்தாக வேண்டும், சாணம் போயாக வேண்டும். ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் என்று வைத்துக்கொண்டால், இருபது மாடுகள் கட்டிய கொட்டகைக்கு அரை டன்னுக்குக் குறையாத புல்லை அறுத்து, ஏற்றி, நறுக்கிப் போட வேண்டும். அதே கொட்டகையிலிருந்து தினமும் 300 கிலோவுக்கு மேல் சாணம் வெளியேற வேண்டும். ஆகவே எத்தனை குதிரைத்திறன் என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, இந்த இரண்டு வேலைகளையும் எந்தக் கருவிகளைக் கொண்டு செய்யப்போகிறோம் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடித்த பிறகே வண்டி பார்க்கப் புறப்பட்டோம்.

சென்ற கடைகளிலெல்லாம் எஞ்சின் குதிரைத்திறனைப் பற்றித்தான் விரிவாகப் பேசினார்கள். தீவனம் அறுக்கும் கருவியும் நறுக்கும் கருவியும் ஓடுவது பி.டி.ஓ. தண்டின் (டிராக்டரின் பின்பக்கத்தில் சுழன்று கருவிகளுக்கு விசை கொடுக்கும் தண்டு) விசையில், எஞ்சினின் விசை முழுவதும் அந்தத் தண்டுக்கு வந்து சேர்வதில்லை. 45 குதிரைத்திறன் என்று விற்கும் வண்டியில் பி.டி.ஓ.வுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாற்பதுக்குக் கீழேதான். இதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பியிருக்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம், தான் சோதித்த ஒவ்வொரு மாடலுக்கும் அறிக்கை வெளியிடுகிறது. பி.டி.ஓ. திறன், மணிக்கு எவ்வளவு டீசல் எடுக்கிறது, பின்பக்க ஹைட்ராலிக் எவ்வளவு எடை தூக்குகிறது என்பவையெல்லாம் அதில் இருக்கின்றன. நாங்கள் பார்த்த மாடல்களின் அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபோது பேச்சின் போக்கே மாறிவிட்டது.

ஆனாலும் காகிதத்தில் தெரியாத ஒன்றைக் காங்கேயம் பக்கத்துப் பண்ணையாளர் ஒருவர்தான் நேரில் காட்டினார். அவர் தீவனச் சோளத்தைக் கருவி கொண்டு அறுத்துக்கொண்டிருந்தார். அடர்த்தியான இடம் வந்ததும் வண்டியை மட்டும் நிறுத்துவதற்குக் கிளட்சைப் பாதி மிதித்தார். சக்கரம் நின்றது, கத்தி மட்டும் தொடர்ந்து சுழன்று, கருவியின் வாயில் சிக்கியிருந்த சோளத்தட்டை முழுவதும் நறுக்கித் தள்ளியது. இரட்டைக் கிளட்ச் இருப்பதால்தான் இது முடிகிறது. ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்த உடனே கத்தியும் விசையிழந்துவிடும், பாதி நறுக்கிய தட்டு உள்ளேயே அடைத்துக்கொள்ளும், பிறகு வண்டியை அணைத்துவிட்டு இறங்கிக் கையால் பிடுங்கியெடுக்க வேண்டும் என்று விளக்கினார். தம்முடைய பழைய வண்டியில் ஒவ்வொரு அறுப்பிலும் அந்தப் பாட்டைப் பட்டதாகவும் சொன்னார். அன்றே நாங்கள் முடிவெடுத்தோம்: குதிரைத்திறனில் ஒரு படி குறைந்தாலும் சரி, இரட்டைக் கிளட்சோ தனித்து இயங்கும் பி.டி.ஓ.வோ இல்லாத வண்டியை வாங்குவதில்லை. அடைத்த தட்டைப் பின்னோக்கிச் சுழற்றி வெளியே தள்ளும் ரிவர்ஸ் பி.டி.ஓ.வும் சில மாடல்களில் வருகிறது, கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது கம்பு நேப்பியர் என்னும் தீவனப்புல். கோ 4, கோ 5 போன்ற இரகங்களைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 60 சென்டிமீட்டர் பார் இடைவெளியில் நடப் பரிந்துரைக்கிறது. கரணை நட்டு 75 முதல் 80 நாள்களில் முதல் அறுப்பு, பிறகு 45 நாள்களுக்கு ஒருமுறை அறுப்பு என்று ஒரே தூர் ஆண்டுக்கணக்கில் தழைக்கிறது. அந்த இடைவெளியில் பெரிய டிராக்டரின் சக்கரம் தூரின் மேல் ஏறாமல் போக வழியே இல்லை. தண்ணீர் பாய்ச்சிய ஈரத்தோடு, அதிலும் கரிசல் மண்ணில், அறுப்புக்கு அறுப்பு சக்கரம் ஏறினால் மண் இறுகித் தூர் செத்துவிடுவதைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். ஆகையால் எங்கள் தோட்டத்தில் நேப்பியரை முதுகில் மாட்டும் புல்வெட்டும் கருவியால் அறுக்கிறோம்; டிராக்டரும் டிரெய்லரும் வண்டிப்பாதையிலேயே நிற்கின்றன. டிராக்டரில் மாட்டும் கருவி கொண்டு அறுப்பது சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மட்டுமே. விற்பனையாளர்கள் ஒரே கருவி எல்லாப் புல்லையும் அறுக்கும் என்கிறார்கள். அறுப்பது உண்மைதான், அடுத்த தழைவு எப்படி வருகிறது என்பதையும் அந்தத் தோட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வண்டியின் எடை வயலில் பகை என்றால் ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சேமிக்கும் தீவனம், சைலேஜ்) குழியில் அதுவே துணை. பால் பிடிக்கும் பருவத்தைத் தாண்டிய மக்காச்சோளத்தை நறுக்கிக் குழியில் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின் மீதும் டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டிக் காற்று வெளியேற மிதிக்க வேண்டும். காற்று தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். மினி டிராக்டரால் இந்த வேலை நிறைவாக நடப்பதில்லை. குழியில் இறங்கும் முன் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிடுவதும், குவியலின் விளிம்புக்குப் போகாமல் ஓட்டுவதும் மிக அவசியம்.

சாணம் அள்ள முன்பக்க லோடர் எல்லாருக்கும் ஆசையாக இருக்கும். ஐம்பது அறுபது மாடுகளுக்கு மேல் என்றால் வாங்கலாம் என்பது என் கருத்து. நிறைந்த வாளியின் பாரம் முழுவதும் முன் அச்சில் இறங்குவதால் பவர் ஸ்டியரிங்கும் வலுவான முன் அச்சும் வேண்டும். பின்பக்கம் எதிரெடை வேண்டும். வாளியைத் தாழ்த்தியே ஓட்ட வேண்டும். எங்கள் அளவுக்குப் பின்பக்கம் மாட்டும் லெவலரே (தரையை வழித்துத் தள்ளும் இரும்புத் தகடு) போதுமானதாக இருக்கிறது. அதன் அடிவிளிம்பில் பழைய டயரை வெட்டிப் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறோம். இரும்பு நேரடியாக உரசினால் சிமெண்ட் தரையில் போட்ட கோடுகள் தேய்ந்து மாடு வழுக்கி விழும்.

பணக் கணக்கில் இரண்டு செய்திகள். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதிமுறை வந்தபின் அவற்றின் விலை ஏறிவிட்டது. நடுத்தரப் பண்ணைக்கு அதற்குக் கீழேயே தேவை தீர்ந்துவிடுகிறது. டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும், டயருக்கும் உதிரிபாகங்களுக்கும் 18 இலிருந்து 5 ஆகவும் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை யாராவது நீட்டினால் இதைக் கேளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதியவரின் கருத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். டெல்டாவில் எங்களுக்குப் பசுந்தீவனத்தைக் காட்டிலும் வைக்கோல்தான் பெரிய காரியம் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன். சம்பா அறுவடை இயந்திரத்தில் முடிந்ததும் தை, மாசியில் வயல் முழுவதும் வைக்கோல் சிதறிக் கிடக்கும். அதை உருளையாகக் கட்டும் இயந்திரத்தை வாங்க வேண்டும் என்று என் தம்பி வற்புறுத்தினான். விசாரித்தபோது, அது எங்கள் பண்ணைக்கு ஆண்டில் ஒரு வாரம்கூட ஓடாது என்று தெரிந்தது. மற்ற நாள்களில் வாடகைக்கு விடுவதென்றால் நம்பகமான ஓட்டுநரும், எப்போதும் கையிருப்பில் கயிறும் உதிரிபாகமும் வேண்டும்; அது பால் மாட்டோடு சேர்த்துப் பார்க்கக்கூடிய தொழில் அன்று. இப்போது உருளைக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் கட்டிவிடுகிறோம். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை செயலியிலும் வாடகை இயந்திரங்களுக்குப் பதிவுசெய்யலாம். கட்டுவதற்கு முன் வைக்கோலைக் கையில் முறுக்கிப் பாருங்கள். பனி ஈரத்தோடு கட்டிய உருளை உள்ளே சூடேறிக் கறுத்துவிடும், மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். எனவே வெயில் ஏறியபின் கட்டச் சொல்கிறோம்.

உருளை கட்டும் இயந்திரத்துக்குப் போயிருக்கும் பணத்தில் நாங்கள் நல்ல ஹைட்ராலிக் டிப்பர் வாங்கினோம். வைக்கோல், எரு, செங்கல், தீவன மூட்டை என்று அது ஓடாத வாரமே இல்லை. கருவிகளுக்கு மானியம் கேட்பவர்கள், சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 50 விழுக்காடு, மற்றவர்களுக்கு 40 விழுக்காடு, அதுவும் கருவிக்குக் கருவி உச்சவரம்புக்கு உட்பட்டு என்பதை நினைவில் வைத்து, வாங்குவதற்கு முன்பே துறையில் விண்ணப்பித்து ஒப்புதல் பெறுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்களுடையது பத்து மாடுகள் கொண்ட சிறு பண்ணை. நானும் என் மாமியாரும்தான் பார்த்துக்கொள்கிறோம். கொட்டகை நடைபாதையின் அகலத்தையும் கூரையின் உயரத்தையும் அளந்துகொண்டு போய் மினி டிராக்டர் வாங்கினோம். புகைக்குழாய் மேல்நோக்கி இருந்தால் கூரைத் தகட்டில் இடிக்கும் என்பதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். மின்சாரம் நின்றால் பால் கறக்கும் இயந்திரமும் நிற்பதால், பி.டி.ஓ.வில் ஓடும் சிறிய ஜெனரேட்டரையும் சேர்த்துக்கொண்டோம். எங்கள் பண்ணைக்கு மிகவும் பயன்பட்ட கருவி அதுதான்.

இங்கே பேசப்படாத ஒன்றைப் பெண்கள் சார்பாக வேண்டிக் கேட்கிறேன். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது சுற்று சுழல்கிறது. சேலை முந்தானையோ, துப்பட்டாவோ, தோளில் போட்ட துண்டோ பட்டால் உதறி எடுக்க நேரமே இருக்காது. எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் அப்படித்தான் கையை இழந்தார். புதிய கருவியோடு வரும் பிளாஸ்டிக் உறையை, கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பழைய கருவி வாங்கினால் உறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தண்டின் நீளத்தை அளந்துகொண்டு போய்ப் புதிய உறையை வாங்கி மாட்டிய பிறகே கருவியை ஓட்டுங்கள்.