காற்று அடித்த பிறகு வலையில் என்ன வந்தது?

தொடங்கியவர்:

கரையோரம் ஆழ்நீர் மேலெழும் கடல்களில் வலை போட்டவர்கள், எக்கோ சவுண்டர் (நீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலியைப் படமாகக் காட்டும் கருவி) திரை பார்த்தவர்கள், நுண்ணோக்கியில் எண்ணி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள். விலங்கு மிதவையுயிரிகள், அதாவது நீரோட்டத்தோடு மிதந்து திரியும் சிறு விலங்குகள், எங்கே கிடைத்தன, எங்கே ஏமாற்றின? முதலில் என்னுடையது.

அமெரிக்காவின் மேற்கே ஓரிகன் கரைக்கு அப்பால், கோடைக்காலம். வடக்கிலிருந்து காற்று விடாமல் அடித்து, கரையோர மேல்நீர் 9 டிகிரிக்கு இறங்கியிருந்தது. சத்துள்ள நீர் மேலே வந்தாயிற்று, வலை நிறையும் என்றுதான் கப்பலில் பேச்சு. கரைக்குப் பக்கத்தில் 200 மைக்ரான் வலையை இறக்கித் தூக்கினால், அடிக்குடுவையில் தெளிந்த தண்ணீரும் கோப்பிபாடு என்ற பொடி ஓட்டுயிரிகள் சிலவும்தான். யோசித்துப் பார்த்தால் நியாயமே. புதிதாக மேலே வந்த நீரில் நைட்ரேட் இருக்கும். அதைக் கொண்டு டயாட்டம் என்ற நுண்பாசி பெருகச் சில நாள் வேண்டும். அந்த டயாட்டத்தைத் தின்று கோப்பிபாடு முட்டையிலிருந்து முழுதாக வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நீர் அங்கே காத்திருப்பதில்லை. காற்று தள்ளும் மேல்நீரைப் பூமியின் சுழற்சி வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் திருப்பும். தெற்கு நோக்கி வீசும் காற்றுக்கு அங்கே வலப்பக்கம் என்றால் ஆழ்கடல்தான்.

கரையோர ஆழமற்ற கடல் முடியும் கண்டத்திட்டின் விளிம்புக்குப் போய் இரவில் வலை போட்டோம். குடுவை நிறைய இளஞ்சிவப்பில் யூபாசியா பசிஃபிகா என்ற கிரில் (இறால் போன்ற சிற்றுயிர்), நடுநடுவே மிளகைத் தூவியது போலக் கருங்கண்கள். வாளியில் ஊற்றும்போது இருட்டில் நீல ஒளி தெறித்தது.

எக்கோ சவுண்டர் பார்த்தவர்:

நீங்கள் சொன்ன அந்த ‘இரவில்’தான் விஷயமே, சார். நான் நமீபியாவில் லூடெரிட்ஸ் துறைமுகத்துக்கு அப்பால் போன கப்பலில் இருந்தவன். அங்கே காற்று ஓய்வது அரிது. அந்தக் காற்றுக்கு மிதவையுயிரிகள் மொத்தமும் நடுக்கடலுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பொழுது சாய்ந்ததும் திரையில் அவற்றின் எதிரொலி ஒரு பட்டையாக மெல்ல ஏறும், விடிவதற்குள் இறங்கிவிடும். மேல்நீர் வெளியே போகும்போது அதை ஈடுகட்ட அடிநீர் கரையை நோக்கி வருகிறது. இரவெல்லாம் மேலே மேய்ந்து வெளியே நகர்ந்த கிரில், பகலில் கீழே இருக்கும்போது திரும்பக் கொண்டுவரப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோனார் என்ற ஒலிக்கருவியில் கடலடித் தரை போலப் பொய்யாகத் தெரிந்து குழப்பியது இப்படிப்பட்ட பட்டைதான்.

ஒன்று மட்டும்: 38 கிலோஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதில் தெரிவது பெரும்பாலும் மீன். 120, 200 இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கிரிலைப் பிரிக்க முடியும். கோப்பிபாடுக்கு வலைதான் கதி.

பெருவில் பணியாற்றியவர்:

இந்த ஏறி இறங்கும் கணக்கு எங்கள் பக்கம் பாதியில் முட்டிக்கொள்ளும். அங்கே சில இடங்களில் சில பத்து மீட்டர் ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. பல இனங்கள் மேலடுக்கிலேயே நெருக்கியடித்துக் கிடக்கும். யூகலானஸ் இனெர்மிஸ் என்ற கோப்பிபாடு போன்ற சில மட்டும் அந்த மூச்சுமுட்டும் நீரில் தாக்குப்பிடிக்கும். ஆழவாரியாகத் திறந்து மூடும் வலை இல்லாமல், அடியிலிருந்து மேல்வரை ஒரே இழுப்பாக இழுத்தால் இதெல்லாம் கலந்துபோய்விடும்.

நுண்ணோக்கிக்காரர்:

எல்லாரும் எவ்வளவு என்றே பேசுகிறீர்கள். யார் என்றும் பார்க்க வேண்டும். ஓரிகனில் நியூபோர்ட் கோடு என்று கடலில் மாதிரி எடுக்கும் இடங்களின் வரிசை உண்டு. 1996 முதல் அடிக்கடி மாதிரி எடுக்கிறார்கள். குளிர்ந்த ஆண்டுகளில் வடக்கிலிருந்து வரும் கலானஸ் மார்ஷல்லே, சூடோகலானஸ் என்ற கோப்பிபாடுகளின் கூட்டம். தட்டில் வைத்தால் உடலுக்குள் எண்ணெய்ப் பை பளபளவென்று நீளமாகத் தெரியும். வெப்ப ஆண்டுகளில் தெற்கத்திய பாராகலானஸ் வகை. சின்ன உடல், கொழுப்பு குறைவு. இதைத் தின்னும் உயிர்களை உண்டு வளரும் சால்மன் குஞ்சுகளின் பிழைப்பே இதைப் பொறுத்து மாறுகிறது. 2014–16 வெப்ப அலையில் தெற்கத்திய கூட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. 2017-இல் பைரோசோம்கள் என்ற உருளை வடிவக் கடலுயிரிகள் வலைகளை அடைத்தன. அந்த வழவழ உருளைகளைக் கழுவி எடுத்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும்.

காற்று தாமதமானாலும் வம்புதான். 2005-இல் மேலெழுச்சி நேரம் கழித்தே தொடங்கியது. கலிபோர்னியாவின் ஃபாரலான் தீவுகளில் கிரிலை நம்பிக் கூடு கட்டிய காசின் ஆக்லெட் பறவைகள் கூட்டைக் கைவிட்டன. பிறகு காற்று வந்து என்ன பயன்?

கடைசியாக வந்தவர்:

காற்று ஓய்ந்த நாட்களை யாரும் சொல்லவில்லையே. கலிபோர்னியாவில் காற்று விட்டதும் வெளியே போன வெதுவெதுப்பான நீர் கரைக்குத் திரும்பும். அதோடு நண்டு இளவுயிரிகளும் வந்து சேரும். கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனைக்குப் பின்னால் காற்று படாத மூலைகளையும் விடாதீர்கள். மான்டரே விரிகுடாவின் வடபகுதி அப்படிப்பட்டது. நீர் அங்கே கொஞ்ச நாள் தங்குவதால் மிதவையுயிரிகளும் சேர்கின்றன.

காற்றுக்குத் தகுந்தபடி மாதிரி எடுக்கும் இடங்களை மாற்றிக்கொள்ளத் தலைமை விஞ்ஞானியிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு கேட்டால், எரிபொருள் கணக்கைக் காட்டி முடியாது என்றுவிடுவார்கள்.