இன்ட்ரோகிரெஷன் (introgression) என்ற உயிரியல் சொல்லுக்குத் தமிழ்: ‘உட்கலப்பு’ வேண்டாம், ‘மரபுக்கசிவு’?

> உட்கலப்பு என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. பாடநூல்களில் உட்கலப்பு என்றால் நெருங்கிய உறவுக்குள் நடக்கும் இனப்பெருக்கம். இங்கே வேற்றின மரபணு உள்ளே வருகிறது. மேற்கு அமெரிக்காவில் கட்த்ரோட் ட்ரவுட் என்ற உள்ளூர் நன்னீர் மீன் வாழும் ஓடைகளில் வானவில் ட்ரவுட்டை (நம் நீலகிரி அவலாஞ்சி மீன்பண்ணையில் பொரிப்பதும் இதே இனம்தான்) கொண்டுபோய் விட்டார்கள். இரண்டும் வசந்தத்தில் முட்டையிடுபவை. கலப்புக் குஞ்சும் மலடல்ல. அது தலைமுறைதோறும் கட்த்ரோட்டுடனே சேர்ந்தால் வானவில்லின் பங்கு 50, 25, 12.5, 6.25 விழுக்காடு எனக் குறையும், போகவே போகாது. தாடைக்கடியில் சிவப்புக் கீற்று அப்படியே இருக்கும், பார்ப்பவர் தூய மீன் என்று எழுதிவிடுவார்.

ஆகவே டிஎன்ஏ சோதனைக்காகத் துடுப்பு நுனியில் ஒரு துணுக்கு வெட்டி 95 விழுக்காடு எத்தனாலில் இடுகிறார்கள், மீனுக்கு ஒரு குப்பி. கத்தரியைத் துடைக்காமல் அடுத்த மீனை வெட்டினால் இல்லாத கலப்பு இருப்பதாகக் காட்டும். இரு இனங்களையும் பிரித்துக் காட்டும் 6 மரபணுக் குறிகளை 25 மீன்களில் பார்த்தால், ஒரு குறிக்கு மீனுக்கு இரண்டு பிரதியாக, 300 பிரதிகள் கிடைக்கும். சீராகப் பரவிய 1 விழுக்காட்டுக் கலப்பைத் தவறவிடும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குள் அடங்கும். 10 மீனோடு நிறுத்தினால் அது 30 விழுக்காடு. இப்படிச் சொட்டுச்சொட்டாய் இறங்குவதால்தான் ‘மரபுக்கசிவு’ என்கிறேன்.

---

> மரபுக்கசிவு

கசிவு வெளியே போவதல்லவா என்று முதலில் தயங்கினேன். சுவரில் ஈரம் உள்ளே கசிவதையும் அப்படித்தான் சொல்கிறோம், ஏற்கிறேன். ‘ஊடுருவல்’ கூடாது, அது புரூக் ட்ரவுட் என்ற வந்தேறி மீனுக்குப் பொருந்தும். இலையுதிர் காலத்தில் முட்டையிடும் அந்த மீன் கட்த்ரோட்டோடு கலப்பதில்லை, இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குத் தீர்வு உண்டு: கீழ்முனையில் தடுப்பு கட்டி, ரோட்டினோன் என்ற மீன்கொல்லி நஞ்சை இட்டு மீன்களை அழித்து, தூய குஞ்சுகளை விடுவது. தடுப்பு உடைந்தால் எல்லாம் வீண். கசிந்த ஓடையிலோ கெட்ட மீனைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கி எறிய வழியில்லை.

கொலராடோவின் கிரீன்பேக் என்ற கட்த்ரோட் வகையின் கதையை மட்டும் இந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டாகத் தராதீர்கள். 1937இல் அழிந்ததாக அறிவித்து, பிறகு கண்டெடுத்ததாக நம்பி, வேறொரு கட்த்ரோட் மரபுவழியைப் பல ஓடைகளில் பெருக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டு அருங்காட்சியக மீன்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வு, அசல் கிரீன்பேக் பேர் கிரீக் என்ற ஒரே ஓடையில், ஏறத்தாழ 6 கிலோமீட்டரில் மட்டும் எஞ்சியிருப்பதைக் காட்டியது. அதற்கு ‘இனமாறாட்டம்’ என்று தனிச்சொல் தருவோம். ஆள்மாறாட்டம் தெரிந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது.

பதிவு இப்படி இருக்கட்டும். மரபுக்கசிவு: கலப்பினம் பெற்றோர் இனங்களில் ஒன்றோடு தலைமுறைதோறும் பிற்கலப்பு (backcross) செய்வதால் வேற்றின மரபணு அந்த இனத்துக்குள் நிலைத்துவிடுதல்.