பேர்டெமிக்: கருத்து நல்லதென்றால் படத்தைத் திட்டக் கூடாதா?

மொட்டைமாடி:
ஜேம்ஸ் நுயென் இயக்கி 2010-இல் வெளிவந்த 'பேர்டெமிக்' படத்தை ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். பூமி சூடானதால் கழுகும் பிணந்தின்னிக் கழுகும் வெறிபிடித்து கலிஃபோர்னியாவில் ஒரு கடலோர ஊரைத் தாக்குவதுதான் கதை. கதை என்றேனா, பறவை வரவே முக்கால் மணி நேரம் ஆகிறது. அதுவரை மென்பொருள் விற்கிற ஹீரோ கார் ஓட்டுகிறார், சாப்பிடுகிறார், காதலியோடு நடக்கிறார், நடுவில் வீட்டுக்கு சோலார் பேனல் வேறு. ஒருவர் பேசும்போது பின்னால் இரைச்சல் கேட்கும், எதிரில் இருப்பவர் பதில் சொன்னால் மயான அமைதி, மறுபடி இரைச்சல். அப்புறம் வருகிற பறவைகள் பவர்பாயிண்ட்டில் ஒட்டிய படம் மாதிரி ஒரே இடத்தில் நின்று சிறகடிக்க, ஹீரோ கும்பல் துணி மாட்டும் ஹேங்கரைச் சுழற்றி அவற்றை விரட்டுகிறது! இதை வாட்ஸப் குழுவில் எழுதினால், 'சுமார் பத்தாயிரம் டாலரில் எடுத்த படம், பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசவாவது செய்கிறதே, நீயும் அதை மறுக்கிற கூட்டமா' என்று பாய்கிறார்கள். அமெரிக்காவில் இந்த விஷயம் கட்சிவாரியாகப் பிரிந்து கிடப்பது தெரியும். அதற்காகப் படத்தைப் படமாகப் பார்க்கக் கூடாதா?

கடைசிபெஞ்ச்:
காசில்லை என்பதெல்லாம் சாக்கு பாஸ். ஹிட்ச்காக்கின் 1963 படமான 'தி பேர்ட்ஸ்' பார்த்துத்தான் நுயெனுக்கு ஆசையே வந்தது. அதில் பறவைகள் ஏன் தாக்குகின்றன என்று கடைசிவரை சொல்லவே மாட்டார். பறவை ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மா உணவகத்தில் உட்கார்ந்து 'பறவைகள் இப்படிக் கூட்டு சேராது' என்று அடித்துச் சொல்வார், கொஞ்ச நேரத்தில் அதே ஊரில் ரத்தக்களறி. நமக்கு வயிற்றைப் பிசைவது அங்கேதான். நுயெனும் ஒரு விஞ்ஞானியைக் கொண்டுவருகிறார். உயிர் தப்பி ஓடுகிறவர்கள் பாலத்தில் அவரைப் பார்த்ததும் நின்று நிதானமாகப் பாடம் கேட்கிறார்கள்! வசனத்தை வெட்டக் காசு வேண்டாம், பிரசங்கம் பண்ணும் ஆசையை அடக்கினால் போதும்.

சும்மாஒருவன்:
நீங்க ரெண்டு பேரும் ரொம்ப சீரியஸ். அமெரிக்காவில் நள்ளிரவுக் காட்சிக்குக் கையில் ஹேங்கரோடு போய் ஆட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்த மனுஷன் நுயென் 2009-இல் சன்டான்ஸ் திரைப்பட விழா நடக்கும் ஊரில் பொம்மைப் பறவையும் போலி ரத்தமும் ஒட்டிய வேனில் சுற்றி, தானே விளம்பரம் பண்ணினார். வண்டியில் படத்தின் பெயரையே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தாராம். எவ்வளவு உழைப்பு, சொல்லுங்கள். சந்தோஷமாகப் பார்த்துவிட்டுப் போங்க.

காட்டுப்பூச்சி:
சும்மாஒருவன், அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சல். காட்டில் ஒருவர் வந்து பட்டை வண்டு மரங்களைக் கொல்வதைப் பற்றிச் சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? படத்திலேயே உருப்படியான செய்தி அது ஒன்றுதான். முன்பெல்லாம் கடுங்குளிரில் அந்த வண்டின் புழுக்கள் செத்துவிடும். இப்போது குளிர்காலம் இதமாகிவிட்டதால் பிழைத்துக்கொள்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மட்டும் சுமார் 1.8 கோடி ஹெக்டேர் பைன் காடு இதில் அடிபட்டது. இதைச் சொல்ல ஆள் கிடைத்தும், நுயென் செய்வதென்ன? பேச்சு முடிந்ததும் 'மலைச் சிங்கம் வருகிறது' என்று அவரை ஓட விடுகிறார். தியேட்டர் சிரிக்கிறது, வண்டும் அந்தச் சிரிப்போடு போய்விடுகிறது. பருவநிலை மாற்றமே கட்டுக்கதை என்கிறவனுக்கு இதைவிட வசதியான படம் கிடைக்குமா? இன்னொன்று, 1970-இலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 300 கோடி பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. வாழிடம் போனதுதான் பெரிய காரணம், சூடும் சேர்ந்துகொள்கிறது. பறவைகள் நம்மை அடிக்க வரவில்லை ஐயா, காணாமல் போகின்றன. அதைப் படமாக எடுக்க கிராஃபிக்ஸ்கூடத் தேவையில்லை.

மொட்டைமாடி:
@காட்டுப்பூச்சி, அந்த ஆய்வைக் குழுவில் போட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 2013-இலும் 2022-இலும் இன்னும் இரண்டு பாகம் வந்திருக்கிறதாமே, அதைப் பார்க்கலாமா என்று மட்டும் ஒருவர் கேட்டார்.