கூத்துல பெண் வேஷம் கட்டுறவங்க, அந்த வேஷத்துணி தைக்கிறவங்க யாராவது இங்க இருக்கீங்களா?

தையல்மெஷின்_சென்னை:

வணக்கம். நான் சென்னைல சின்ன நாடகக் குழு ஒண்ணுக்கு காஸ்ட்யூம் தைக்கிறேன். போன ஆனி மாசம் ஃப்ரெண்டோட ஊருக்கு, செய்யாறு பக்கம், திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பாக்கப் போயிருந்தேன். அன்னிக்கு துகில், அதான் துச்சாதனன் திரௌபதி புடவையை உரியுற கூத்து. திரௌபதி கட்டுன அண்ணன் பாடிக்கிட்டே சுழண்டு சுழண்டு ஆடுறாரு, நான் தையல்காரி இல்லையா, என் கண்ணு அவர் கொசுவத்துலயே இருக்கு, ஒரு மடிப்பு கலையல. கையை தலைக்கு மேல தூக்குறாரு, ரவிக்கை மேல ஏறல, கிழியல. நான் எங்க ஆளுங்களுக்கு தைக்கிறது ரெண்டாவது ஷோவுலயே கக்கத்துல போயிடுது.

விடிஞ்சதும் கிட்ட போய் யாரு தைச்சதுன்னு கேட்டேன், நாந்தாம்மான்னு சொன்னாரு, அதுக்குள்ள அடுத்த ஊருக்கு வேன் ரெடியாயிடுச்சு, பேச முடியல. ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு, இந்தத் தையலை எங்க கத்துக்கிறாங்க, எப்படித் தைக்கிறாங்க. இன்னொண்ணு, ஒரு பையன் சின்ன வயசுலயே பெண் வேஷத்துக்கு எப்படி வர்றான், வீட்ல ஊர்ல எப்படி எடுத்துக்கிறாங்க. அப்புறம் துகில்ல அத்தனை புடவை எங்கேர்ந்து வருது, அதையும் யாராவது சொன்னா நல்லாருக்கும்.

வந்தவாசி_வேஷக்காரன்:

தங்கச்சி, துணியப் பத்தி கேட்டீங்களே, ரொம்ப சந்தோஷம். எல்லாரும் கிரீடத்தத்தான் போட்டோ எடுத்துக்கினு போவாங்க. நான் சின்ன வயசுலேர்ந்து பெண் வேஷந்தான், துணியும் நானேதான், சீசன் இல்லாதப்ப ஊர்லயே தையல் கடை.

எங்கப்பா ஜமா வாத்தியாரு, ஜமான்னா கூத்துக் குழு. கர்ணன், துரியோதனன்னு கட்ட வேஷம் கட்டுவாரு, கட்டன்னா மரத்துல செஞ்ச கிரீடம், புஜக்கட்ட, பதக்கம். மழக்காலம் வந்தா கூத்து கிடையாது, அப்பதான் வூட்ல கட்ட செய்யற வேல. கல்யாண முருங்க மரத்த வெட்டியாந்து நெழல்லயே காய வெப்பாரு, வெயில்ல போட்டா வெடிச்சிரும். அந்த மரந்தான் வேணும், ஏன்னா தலையில கிரீடம், தோள்ல புஜக்கட்ட, மார்ல பதக்கம் எல்லாத்தையும் கட்டிக்கினு ராத்திரி பத்து மணிலேர்ந்து விடியறவரைக்கும் ஆடணும், கனமான மரம்னா கழுத்து என்னத்துக்கு ஆவறது. செதுக்கி, துணி ஒட்டி, கலர் காயிதம், ஜிகினா, கடைசியா கண்ணாடித் துண்டு. கண்ணாடி ஒட்டறது எனக்கும் எங்கக்காவுக்கும் வுட்ட வேல, புளியங்கொட்டப் பசைய அக்கா காச்சும். ஒரு வரிச கோணிச்சின்னா அப்பா திட்ட மாட்டாரு, பேத்து எடுத்து கையில குடுத்துருவாரு, மறுபடி ஒட்டணும். அப்பல்லாம் பெட்ரோமாக்ஸ் வெளக்கு, வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வுழுதுன்னு யோசிச்சிதான் ஒவ்வொரு துண்டையும் எந்தச் சாய்வுல வெக்கணும்னு சொல்லுவாரு. இப்ப ஃபோகஸ் லைட்டு வந்துருச்சி, கண்ணாடி எப்பிடி இருந்தாலும் மின்னுதுன்னு யாரும் அந்தச் சாய்வ பாக்கறதில்ல, எனக்கு அதுல வருத்தந்தான்.

மொத வேஷம் இரணிய விலாசத்துல பிரகலாதன். அப்பறம் தோழி, சுபத்திரை. தொண்ட உடையற வயசுல பசங்கள ஆம்பள வேஷத்துக்கு மாத்திருவாங்க, எனக்கு உடைஞ்ச பிறகும் மேல் சுருதி நின்னுச்சி. அப்பாவுக்கு நான் அர்ஜுனன் கட்டணும்னு ஆச. நான் பொன்னுருவி கேட்டேன். கர்ண மோட்சத்துல கர்ணன் சண்டைக்கு கெளம்பறப்ப பொன்னுருவி வழி மறிச்சி தர்க்கம் பண்ணுவா, தூங்கிக்கினு இருக்கற பொம்பளைங்க எல்லாம் அந்த எடத்துல எழுந்து உட்காருவாங்க. அப்பா கர்ணன், நான் பொன்னுருவி. பெத்த அப்பனுக்கு எதுத்தாப்புல பொஞ்சாதியா நின்னு போவாதீங்கன்னு அழுவணும். வெளியாளுங்களுக்கு அது எப்பிடித் தோணுமோ, எங்களுக்கு திர வெலகிட்டா அவரு அப்பா இல்ல, நான் புள்ள இல்ல. ஆனா கர்ணன் சாயற எடத்துல நான் அழுதது என்னிக்குமே பொன்னுருவியா மட்டும் அழுததில்ல. அப்பா போயி ரொம்ப வருஷமாச்சி, இப்பயும் அந்த எடம் வந்தா அவரு கொரல்தான் காதுல கேக்குது.

ஸ்கூல்ல ஒரு பேர் வெச்சி கூப்ட்டானுங்க, அத இங்க எழுத மாட்டேன். அதே பசங்களோட அம்மாங்கதான் துகில் அன்னிக்கு என் கால்ல வுழுந்து குங்குமம் வாங்கிக்கினு போனாங்க. ரெண்டும் ஒரே ஊரு, ஒரே தெரு. என் சம்சாரம் கல்யாணத்துக்கு முன்னாடியே என் திரௌபதிய பாத்தவங்க, வந்த மொத மாசமே கொண்ட எறங்கி இருக்குதுன்னு சொன்னாங்க, அன்னிலேர்ந்து சவுரி வெச்சி கொண்ட போடறது அவுங்கதான்.

இப்ப தையலுக்கு வரேன். நீங்க பாத்த கொசுவம் கையில எடுத்து சொருகுனது இல்ல. மடிப்பு எடுத்து மேல்பக்கம் கெட்டிப் பட்டி வெச்சி தைச்சிருவேன், பட்டிக்கு ரெண்டு பக்கமும் நாடா, முடிச்ச ஒட்டியாணம் மறச்சிரும். உள்ள பாவாட வேணாம், பைஜாமா போடுங்க, கிறிக்கி அடிச்சி சுழண்டு ஆடறப்ப பாவாட கால சுத்திக்கும். முந்தானைக்கு பின்னு குத்தாதீங்க, ரவிக்கையிலயே தோள்கிட்ட பட்டன் வெச்சிருங்க. பின்னு அவுந்து நெஞ்சுல குத்துச்சின்னா பாட்டு அங்கயே நின்னுரும்.

ரவிக்க கக்கத்துல கிழியுதுன்னீங்க. ஆம்பள தோள் அகலம், பொம்பள அளவு மாதிரிய பெருசாக்கி வெட்டுனா கைய தூக்கவும் முழுசா மேல ஏறும். கக்கத்துல சாய்சதுரமா ஒரு துண்டு, துணிய மூலவாட்டுல, கிராஸா வெட்டி வெச்சி தைங்க, அவ்ளோதான் விஷயம். வெளிய வெல்வெட்டோ சாட்டினோ எதுவா இருந்தாலும் உள்துணி காடாவா, அதான் வெளுக்காத முரட்டு பருத்தித் துணியா, இருக்கட்டும், அத மெஷின்ல சேத்து அடிக்காம கையால பெருசா நூலோட்டம் போட்டு வெச்சிருங்க. வேஷத்துணிக்கு வேர்வதான் எமன். ஜிகினா சம்கி வெச்சத தொவைக்க முடியாது, உள்துணிய மட்டும் பிரிச்சி தொவச்சி காய வெச்சி திரும்ப ஓட்டிக்கலாம். மார்புக்கு பழைய காட்டன் பொடவைய சுருட்டி, ரவிக்கை உள்ளயே பை தைச்சி அதுல வெச்சிருங்க, நகராது. ஸ்பான்ச் வெச்சா வேர்வைய குடிச்சிட்டு விடியக்காத்தால கனக்கும்.

மூஞ்சிக்கு அந்தக் காலத்துல அரிதாரம். அது ஆர்சனிக் இருக்கற கல்லு, அப்பா தலமுறை ஆளுங்க மூஞ்சி எரிச்சலோடயே தூங்கி எழுந்தவங்க. நாங்க இப்ப முத்துவெள்ள, ரோஸ் பவுடரு, தேங்கா எண்ண.

ஆரணிக்காரி:

அண்ணா, நானும் கூத்துக்காரர் பொண்ணுதான். எங்கப்பாவும் பெண் வேஷம். நீங்க சொன்னதுல உங்க அக்கா பசை காச்சுனாங்க, உங்க வீட்ல அவங்க கொண்டை போடறாங்கன்னு வருது, அதையே நான் கொஞ்சம் நீட்டி சொல்லணும்னு தோணுச்சு. எங்க வீட்ல அப்பா போட்ட ஒவ்வொரு ரவிக்கையும் எங்கம்மா தைச்சது. நோட்டீஸ்ல அப்பா பேர் வரும், அம்மா பேர் எங்கயும் வராது. வேஷம் கட்டுற கொட்டாய்க்குள்ள பொம்பளைங்க வரக்கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு வழக்கம், அதனால அப்பா உள்ள கட்டிக்கிட்டு இருப்பாரு, அம்மா ஊசி நூலோட வெளிய நிப்பாங்க, ஏதாவது பிஞ்சுதுன்னா ஒரு பையன் எடுத்துட்டு வருவான், தைச்சு குடுத்தனுப்புவாங்க.

அம்மாவோட முகூர்த்தப் புடவை ஆரணிப் பட்டு, அரக்கு கலர். நல்ல புடவை வேற இல்லாததால துகில்ல மேல கட்டுறது அதுதான். ஒவ்வொரு வருஷமும் ஊர் ஊரா அந்தப் புடவையை துச்சாதனன் பிடிச்சு இழுப்பாரு, அம்மா முன்னாடி பாயில உட்காந்து பாத்துக்கிட்டு இருப்பாங்க. சின்னப் பிள்ளைல எனக்கு அப்பா மேல கோவமா வரும். அம்மாகிட்ட கேட்டா அது அம்மனுக்குப் போன புடவைடீன்னு சொல்லிட்டு சரிகை விட்டுப்போன இடத்தை தைச்சுக்கிட்டு இருப்பாங்க. அவங்க நெஜமாவே அப்படித்தான் நெனைச்சாங்களா, எனக்காக சொன்னாங்களான்னு இப்பவும் யோசிக்கிறேன்.

நான் இப்ப பரதநாட்டிய டிரஸ் தைக்கிறேன், கை வேலை மொத்தமும் அம்மாகிட்ட கத்துக்கிட்டதுதான். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல கட்டைக்கூத்து குருகுலம் 2002ல ஆரம்பிச்சு பொம்பளப் பிள்ளைங்களுக்கும் கத்துக்குடுத்தாங்க, அந்தப் பொண்ணுங்க கிரீடம் புஜக்கட்டை எல்லாம் கட்டி ஆம்பள வேஷமே ஆடுனாங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போய் காட்டுனேன். கட்டையை எப்படி முதுகுல இறுக்கியிருக்காங்கன்னு பின்பக்கமாவே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

களரி_மட்டக்களப்பு:

எங்கட மட்டக்களப்பிலயும் வடமோடி, தென்மோடிக் கூத்து ரெண்டிலயும் பெண் பாத்திரத்தை ஆம்பிளையள்தான் ஆடினவங்க. வடமோடி ராசாமாருக்கு கரப்புடுப்பு எண்டு ஒண்டு இருக்கு, இடுப்பில இருந்து குடை விரிச்ச மாதிரி நிக்கும், அதைப் போட்டுக்கொண்டு வட்டக்களரியைச் சுத்தி ஆடவேணும். தென்மோடி உடுப்பு அந்தளவு பாரமில்லை, ஆனா ஆட்டம் நுணுக்கம். அண்ணாவியார் எண்டா கூத்து வாத்தியார், மாசக்கணக்கில பழக்கித்தான் அரங்கேத்துவார். பேராசிரியர் வித்தியானந்தன் 1962ல பேராதனைப் பல்கலைக்கழகத்தில கர்ணன் போர் போட்ட நேரம் படிச்ச ஆக்களும் கூத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினவை. அண்ணை, உங்கட கக்கத்துத் துண்டு விசயத்தை எங்கட ஊர்த் தையல்காரருக்கும் சொல்லப்போறன்.

பெங்களூர்_மேடை:

இந்த த்ரெட்ல நான் எழுதலாமான்னு யோசிச்சேன். நான் பெங்களூர்ல ட்ராக் பண்றேன், அதாவது கிளப் மேடைல பெண் வேஷம் போட்டு ஆடுறது, சொந்த ஊர் தர்மபுரி பக்கம். வீட்டுக்குத் தெரியாது. 2018ல ஓரினச்சேர்க்கை குற்றமில்லன்னு 377 தீர்ப்பு வந்த பிறகுதான் மேடைல சொந்தப் பேரைச் சொல்லவே தைரியம் வந்துச்சு. கவுன், இடுப்புக்கு வைக்கிற ஃபோம், சீக்வின் வேலை எல்லாம் நானே தைக்கிறது, ராத்திரில, ரூம்மேட் தூங்குன பிறகு.

இது வெளிநாட்டுப் பழக்கம்னு நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு ஆரம்பம் ஊர்க் கூத்துதான். கீசக வதம் பாத்தப்ப எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். கீசகனைக் கொல்றதுக்காக பீமன் மீசையோட புடவை கட்டிட்டு வருவாரு, ஊரே சிரிக்கும். அவர் பக்கத்துல திரௌபதி நிப்பா, சைரந்திரிங்கற வேலைக்காரியா. அவளும் ஆம்பளதானே, எங்க ஊர்ல அவர் எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளு, பகல்ல மாடு ஓட்டிட்டுப் போறவரு. அவரைப் பாத்து ஒருத்தர்கூட சிரிக்கல. ஒரே மேடை, ரெண்டு ஆம்பளைங்க, ரெண்டு புடவை. நான் அன்னிக்கு பீமனைப் பாக்கவே இல்ல.

வந்தவாசி அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். வேஷத்தைக் கலைச்ச பிறகும் அப்படியே இருக்கணும்னு ஆசைப்பட்டவங்க உங்க ஜமாவுல இருந்தாங்களா?

வந்தவாசி_வேஷக்காரன்:

தம்பி, நீ எழுதாம யாரு எழுதறது. தப்பா எடுத்துக்க ஒன்னும் இல்ல.

எனக்கு வேஷம் வேஷந்தான். விடிஞ்சா எண்ணெய தொட்டு மூஞ்சிய தொடச்சிட்டு டீ குடிச்சிட்டு நான் நானா பஸ் ஏறிருவேன். ஆனா எங்க ஜமாவுல என்கூட தோழி கட்டிக்கினு இருந்த ஒருத்தரு தொடைக்கவே மாட்டாரு, பொட்டோடயே தூங்குவாரு. பெரியவங்க ஏசுவாங்க. எங்களுக்குள்ள என்னா ஏதுன்னு பேச்சு கிடையாது, ஒரே கண்ணாடிய பாத்து மை வெச்சிக்குவோம், எனக்கு புரிஞ்சிருந்துச்சி. ஒரு சித்திரையில கூவாகத்துக்கு போயி அரவானுக்கு தாலி கட்டிக்கினு வந்துட்டாங்க. போருக்கு முன்னாடி அரவான பலி குடுக்கற அரவான் களபலி நாங்க வருஷா வருஷம் ஆடற கூத்துதான், அவுங்களுக்கு அது கூத்தா மட்டும் இருக்கல. இப்ப திருநங்கையா வேற ஊர்ல நல்லா இருக்காங்க. ரவிக்க அளவு என்கிட்டதான் இருக்குது, பொங்கலுக்கு துணி அனுப்புவாங்க, தைச்சி அனுப்புவேன். நீ அந்த ஃபோம வெறும் ஒடம்புல வெக்காத, காடா உறை போட்டு வெய்யி, தோலு புண்ணாயிரும்.

ஆரணி தங்கச்சி, உங்கம்மாவப் பத்தி எழுதுனது சரிதான். எங்கக்காவுக்கு கொரல் என்னவிட நல்லா இருந்துச்சி, அதுக்கு யாரும் பாட்டு சொல்லிக் குடுக்கல.

தையல்மெஷின்_சென்னை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா, துகில் புடவை விஷயம் மட்டும் விட்டுட்டீங்க. உள்துணிக்கு காடா எவ்ளோ எடுக்கணும்னும் சொல்லிடுங்க.

வந்தவாசி_வேஷக்காரன்:

ஜமாவுக்கு ஜமா மாறும், எங்களுத சொல்றேன். தைச்ச பொடவ அடியில, அது எதுக்கும் அசையாது. அதுக்கு மேல பழைய நைலக்ஸ் பொடவைங்கள ஓரத்தோட ஓரம் நூலோட்டம் போட்டு நீளமா ஒன்னாக்கி இடுப்புல சுத்திக்குவேன். முடிச்சு போட்டா இழுக்கறப்ப மாட்டிக்கும், காட்டனும் சிக்கும், நைலக்ஸ்தான் வழுக்கிக்கினு வரும். மேல இருக்கற பொடவ அந்தந்த ஊரு பொம்பளைங்க குடுக்கறது. இழுக்கறதுக்கு முன்னாடி சூடம் கொளுத்தி, துச்சாதனன் கட்டறவரு அம்மனை கையெடுத்து கும்ட்டு மன்னிப்பு கேட்டுட்டுதான் முந்தானைய தொடுவாரு. அவரு என்னவிட பெரியவரு, சொந்த மாமா, அந்த நேரத்துல என் மூஞ்சிய நிமுந்து பாக்க மாட்டாரு. நான் அன்னிக்கு விரதம், அவரும் விரதம்.

காடா ஒரு ரவிக்கைக்கு ஒரு மீட்டரு எடுங்க, ஒரு தரம் தண்ணில நனச்சி காய வெச்சிட்டு வெட்டுங்க, இல்லன்னா தொவச்ச பிறகு சுருங்கி வெளித்துணிய இழுக்கும். பங்குனிக்கு மேல எங்களுக்கு கூத்து ஆரம்பிச்சிரும், ஊரு தேதி முடிவானதும் இங்கயே போடறேன். ராத்திரி எட்டு மணிக்குள்ள வந்துருங்க, அதுக்கப்பறம் வேஷம் கட்ட உட்காந்துருவோம், அளவு காட்ட நேரம் இருக்காது.