பெலாரஸ் கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள் யாராவது உண்டா?

கோமெல் பழைய மாணவன்:
மூன்றாம் வருடம் படிக்கும்போது வகுப்புத் தோழனின் கல்யாணம். பெண் வீட்டுப் படிக்கட்டில் மாப்பிள்ளையை மறித்துக் காசு பிடுங்குவார்களே, அந்த "வீகுப்" முழுக்க அவனோடு நின்றேன். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கேள்வி, ஒரு சாக்லேட் பெட்டி, கொஞ்சம் ரூபிள். காகிதத்தில் வரிசையாக உதட்டுச்சாய முத்திரை, பெண்ணுடையது எது என்று கேட்டால் அவன் சித்தியுடையதைக் காட்டுகிறான். அதெல்லாம் சிரிப்பு. உறுத்துவது என் பூங்கொத்து. பூக்கடையில் ஏதோ கேட்டார்கள், புரியாமல் தலையாட்டி 10 ரோஜா வாங்கிப் போயிருந்தேன். இரட்டைப்படையில் பூ அங்கே சாவுக்குத்தான். மொய் என்றால் 101 வைக்கத் தெரிந்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். பெண்ணின் பாட்டி வாங்கி, உதடு அசைய எண்ணி, ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு மீதியைப் பெண்ணிடம் கொடுத்தார். அந்த ஒரு பூவை என்ன செய்திருப்பார்?

வெத்கா பக்கம் இருந்தவள்:
தம்பி, நீங்கள் பார்த்தது நகரத்து விளையாட்டு. உதட்டுச்சாயமெல்லாம் பழைய வழக்கமா? இப்போது கல்யாணத்துக்கென்று சுடும் கரவாய் ரொட்டியையே கடையில் சொல்லிவைத்து வாங்குகிறார்கள். முன்பு அதற்கு மாவு பிசைய ஆள் பொறுக்குவார்கள், புருஷனோடு நல்லபடி வாழ்கிறவர்கள் மட்டும், விதவை கை வைக்கக்கூடாது. நான் போன கிராமத்தில் ஒரு கிழவி சமையலறை வாசலிலேயே நின்று உப்பு போதுமா, உப்பு போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் தடுக்கவுமில்லை, உள்ளே கூப்பிடவுமில்லை. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் பறந்து வந்தோம் என்றிருந்தது.

மின்ஸ்க் டாக்டர்:
அக்கா சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பெண்ணை விட்டுத்தர விலை கேட்பது கிராமத்திலும் பழசுதான், விளையாட்டுகள்தான் புதுசு. என் கதை சின்னது. மணமக்கள் நிற்க விரித்திருந்த ரூச்னிக் துணியைப் போட்டோ எடுக்கும் ஆர்வத்தில் நான் மிதித்துவிட்டேன், ஹாலே அமைதியாகிவிட்டது.

சரி, போகப்போகிறவர்களுக்கு: முதலில் வரும் குளிர்ந்த பதார்த்தங்களிலேயே வயிற்றை நிரப்பாதீர்கள், சூடானது பின்னால் வரும். "கோர்க்கா" என்று எல்லோரும் கத்தினால் பயப்படாதீர்கள், கசக்கிறது என்று அர்த்தம், மணமக்கள் முத்தமிட்டு இனிப்பாக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்று நீங்களும் சேர்ந்து எண்ண வேண்டும். நீலம், இளஞ்சிவப்பு என்று குழந்தை உடையை நீட்டிக்கொண்டு காசு கேட்டு வருவார்கள், முதல் பிள்ளை ஆணா பெண்ணா என்று பந்தயம், சில்லறை வைத்திருங்கள். மோதிரம் வலது கையில்தான் போடுவார்கள், இடது கையைப் பார்த்துவிட்டு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டு வைக்காதீர்கள். பல இடங்களில் மறுநாளும் விருந்து உண்டு, ஆம்பிளைகளே மணப்பெண் வேஷம் கட்டி வருவார்கள், அதனால் அன்றைக்கு டியூட்டி போட்டுக்கொள்ளாதீர்கள். அப்புறம், பூ ஒற்றைப்படையில் வாங்குங்கள்.

கோமெல் பழைய மாணவன்:
அது இப்போது எனக்கும் தெரியும் அண்ணா. நான் கேட்டது அந்த 10-வது பூவைப் பற்றி. அந்த வீட்டில் தாத்தா இல்லை, அலமாரியில் படம் மட்டும் இருந்தது.

வெத்கா பக்கம் இருந்தவள்:
படத்துக்கு வைப்பதென்றால் இரண்டு எடுத்திருப்பார், தம்பி.