கட்ச் பாலைவனத்தில் மரக்கட்டை அச்சுக்காரர்கள் கூடுகை: உப்புவெளியிலா, அஜ்ரக்பூரிலா?

உளிச்சத்தம் (மதுரை):

எல்லோருக்கும் வணக்கம். மரத்தில் செதுக்கித் தாளில் அச்செடுப்பவர்கள் நாங்கள் 18 பேர். மதுரை, கோவை, புதுச்சேரி, சென்னை என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊரில் ஆறு நாள் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்வது வழக்கம்.

போன முறை ஏற்பாடு என் பொறுப்பு. நவம்பரில் கடற்கரையோரம் ஒரு வீடு பிடித்திருந்தேன். மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. எண்ணெய் மை காயவே இல்லை. கிளம்புகிற அன்று ஒவ்வோர் அச்சுக்கும் நடுவில் செய்தித்தாள் வைத்துக் கட்டினோம். ஊருக்குப் போய்ப் பிரித்தால் தாளும் அச்சும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே கிழிந்தன. ஒரு பெண் நான்கு மாதம் செதுக்கிய கட்டையின் அச்சு அது. இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் இந்த முறை வறண்ட ஊருக்குப் போகிறோம். இடம் குஜராத்தின் கட்ச். 2027 ஜனவரி 18 திங்கள் முதல் 23 சனி வரை. பொங்கல் முடிந்ததும் கிளம்பலாம், 22ஆம் தேதி பௌர்ணமியும் வருகிறது. இதுவரை யாரும் மறுக்கவில்லை.

எங்கே தங்குவது என்பதில்தான் இழுபறி. பாதிப்பேர் தோர்டோ பக்கம் கூடாரத்தில் தங்கி, வெள்ளை ரண் உப்புத்தரையிலேயே மேசை போட்டு வேலை செய்யலாம் என்கிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. நான் சொல்வது அஜ்ரக்பூர். புஜ் நகரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தள்ளி இருக்கும் ஊர். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் தமட்கா கிராமம் நொறுங்கி, அங்கே தண்ணீரில் இரும்பு ஏறிச் சாயத்தைக் கெடுக்கத் தொடங்கியபோது, காத்ரி அச்சுக்காரக் குடும்பங்களில் பல எழுந்து வந்து கட்டிய ஊர் அது. வந்தவர்கள் தாங்கள் மரக்கட்டையால் அச்சிடும் அஜ்ரக் துணியின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். மரக்கட்டையால் பிழைக்கும் ஓர் ஊர் இருக்கும்போது, மரக்கட்டையோடு அவ்வளவு தூரம் போகிற நாம் அதைத் தாண்டிப்போய் உப்பில் உட்காருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அங்கே வேலை செய்து பழகியவர்களிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும். பட்டறைக்காரர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் 18 பேர் ஆறு நாள் அங்கே இருக்க முடியுமா? எங்களில் ஆறு பேர் நீர்மையில், அதாவது தண்ணீரில் கரைத்த மையில், ஈரத்தாளில் அச்சிடுகிறவர்கள். அந்தக் காற்றில் தாள் தாங்குமா? கடைசியாக, ஆளுக்கொரு கட்டை செதுக்கி எல்லாவற்றையும் ஒரே துணியில் அவர்கள் முறைப்படி அச்சிட்டுப் பார்க்க ஆசை. ஆறு நாளில் முடியுமா?

நீலத்தொட்டி:

அக்கா, துணிச்சாயம் கற்றுக்கொள்ள ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தேன். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் ஏமாறுவது அங்கேதான்.

முழு அஜ்ரக் ஆறு நாளில் ஆகாது. இரண்டு வாரத்துக்குக் குறையாத வேலை அது. துணியை அலசிக் கஞ்சி போக்க வேண்டும். பிறகு கடுக்காய் நீரில் தோய்த்துக் காயவைக்க வேண்டும். சுண்ணாம்பும் கருவேலம் பிசினும் கலந்த பசையால் முதல் கட்டை. அது பட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும். அடுத்தது கறுப்பு. பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்கவிட்டு, அந்த நீரைப் புளியங்கொட்டை மாவில் கெட்டியாக்குவார்கள். சிவப்பு வர வேண்டிய இடத்துக்குப் படிகாரம். அப்புறம் அவுரி நீலச் சாயத்தொட்டியில் முக்குவது, அலசல், மஞ்சிட்டி வேரிலோ அலிசரின் என்ற சிவப்புச் சாயத்திலோ கொதிக்கவிடுவது, மறுபடி அலசல். நல்ல வேலையாக இருந்தால் துணியின் இரண்டு முகத்திலும் அச்சு விழும். பின்முகத்துக்கென்றே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிச் செதுக்கிய கட்டை வைத்திருப்பார்கள்.

நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நின்றது போல இருக்கும் எனக்கு. கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி, எல்லாம் பாட்டி வீட்டுச் சாமான். நம் கடற்கரையில் சிவப்புக்குச் சாயவேரைத் தோண்டினார்கள், அங்கே மஞ்சிட்டி. படிகாரத்தைப் போட்டால்தான் வேரின் சிவப்பு நூலைப் பிடிக்கும் என்பது இரண்டு இடத்துக்கும் பொது.

உங்கள் ஆறு நாளுக்கு என் யோசனை: கடுக்காய் ஏற்றிய துணியை முன்கூட்டியே தயாராக வைக்கச் சொல்லுங்கள். அதன்மேல் இரும்புப் பசை பட்டால் போதும், கண்முன்னே கறுக்கும். ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு, அதோடு நிறுத்துங்கள். நீலத்துக்கு ஆசைப்பட வேண்டாம். குளிரில் தொட்டி மெதுவாகத்தான் பழுக்கும்.

தாளுக்குச் செதுக்கும் கட்டை அங்கே உதவாது. பிளைவுட்டைப் பசையில் நனைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். அவர்கள் கட்டை தேக்கு. காந்திநகர் பக்கம் பேதாபூரில் செதுக்குவது பேர்போனது. பள்ளம் ஆழமாக இருக்கும், இல்லாவிட்டால் பசை போய் அடைத்துக்கொள்ளும். பெரிய கட்டையாக இருந்தால் காற்று வெளியேறச் சிறு துளைகள் போட்டிருப்பார்கள். புதுக் கட்டையைச் சில நாள் எண்ணெயில் ஊறவைத்த பிறகுதான் கையில் எடுப்பார்கள். உருளையும் கிடையாது: தட்டில் மூங்கில் சட்டம், அதன்மேல் துணி மெத்தை, அதில் கட்டையை ஒற்றி எடுத்து, துணிமேல் வைத்து, உள்ளங்கை அடியால் முதுகில் ஒரு குத்து. அந்தச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு ஊருக்கு வந்தால் வீடு ரொம்ப அமைதியாகத் தெரியும்.

தொந்தரவு பற்றிக் கேட்டீர்கள். 18 பேர் ஒரே பட்டறைக்குள் நுழைந்தால் அன்றைக்கு அவர்கள் வேலை படுத்துவிடும். ஆறாறு பேராகப் பிரியுங்கள், மூன்று பட்டறை. மேசைக்கும் ஆளுக்கும் அவர்கள் சொல்கிற நாள்கூலியை முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். துணி வாங்குகிறோமே, அதுவே போதாதா என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். வாங்குவது வேறு, அவர்கள் மேசையை ஒரு நாள் எடுத்துக்கொள்வது வேறு.

கண்ட்லாவாசி:

எனக்கு அச்சு வேலை தெரியாது. துறைமுக வேலைக்காகக் காந்திதாம் வந்து குடும்பத்தோடு தங்கிவிட்டவன். ஊர் விவரம் சொல்கிறேன்.

தென்கோடியில் இருப்பவர்களுக்கு நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் காந்திதாமுக்கு வாராந்திர ரயில் இருக்கிறது, கொங்கண் வழி. காந்திதாமிலிருந்து புஜ் சுமார் 60 கி.மீ. சென்னைக்காரர்களுக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத் வந்து மாறுவது சுலபம். அகமதாபாத்துக்கும் புஜ்ஜுக்கும் நடுவில் 2024 செப்டம்பர் முதல் நமோ பாரத் ரயில் ஓடுகிறது, ஆறு மணி நேரத்துக்குள் போய்விடலாம். விமானத்தில் வருகிறவர்கள் உளியைக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள்.

ஜனவரி இரவில் குளிர் 10 டிகிரி வாக்கில் இருக்கும், சில நாள் அதற்கும் கீழே. மத்தியானம் சட்டையோடு உட்காரலாம். நம் ஆட்கள் கம்பளி கொண்டுவராமல் வந்து முதல் ராத்திரியே அவதிப்படுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

தேதி நன்றாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அன்று ஜும்மா தொழுகை, அஜ்ரக்பூர் பட்டறைகள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அன்றைக்கே ரண் போய்விடுங்கள், பௌர்ணமியும் கிடைக்கும். தோர்டோ புஜ்ஜிலிருந்து 80 கி.மீ. சொச்சம். அனுமதிச் சீட்டு வேண்டும், அசல் அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். பௌர்ணமி என்றால் கூட்டம் நெரியும், வண்டியை இப்போதே சொல்லிவையுங்கள். எந்தக் காரணத்தாலும் தேதியைப் பிப்ரவரிக்குத் தள்ள வேண்டாம். 2027இல் ரமலான் நோன்பு பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கிவிடும். நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பவர்களிடம் நாம் போய் வேலை கேட்பது முறையாக இருக்காது.

உளிச்சத்தம் (மதுரை):

கண்ட்லாவாசி அண்ணா, வெள்ளிக்கிழமை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி. நீலத்தொட்டி தம்பி சொன்ன நாள்கூலியைக் குழுவில் அப்படியே போட்டுவிட்டேன். ஒருவர்கூட முனகவில்லை. ஈரத்தாள்காரர்கள் ஆறு பேர் மட்டும் இன்னும் கலக்கத்தில் இருக்கிறார்கள்.

தாளும்மையும்:

அம்மா, நான் முப்பது வருஷமாக மரத்தில் செதுக்குகிறவன். ஜெய்சல்மேர் பக்கம் ஒரு மாதம் தங்கி நீர்மையில் அச்செடுத்திருக்கிறேன். முதல் வாரம் போட்டதெல்லாம் வீண். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் தாளைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். முதலில் கெடுவது கட்டை. மதுரைக் காற்றில் செதுக்கிய பலகையை வறண்ட ஊரில் திறந்துவைத்தால் ரெண்டே நாளில் சுருங்கும், ஓரம் தூக்கும். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும். ஒரு படத்துக்கு நாலு கட்டை என்றால், ஒன்றில் ரேகை நெடுக்காகவும் இன்னொன்றில் குறுக்காகவும் இருந்துவிட்டால் தொலைந்தது. நாலும் நாலு பக்கம் இழுக்கும், நிறத்தோடு நிறம் பொருந்தாது. ஆகையால் ஒரு படத்தின் கட்டைகள் அனைத்தையும் ஒரே பலகையில், ரேகை ஒரே திசையில் வருகிற மாதிரி அறுத்துக்கொள்ளுங்கள். பாலிதீனில் சேர்த்துச் சுற்றியே கொண்டுபோங்கள். வேலை செய்யும்போது மட்டும் பிரியுங்கள்.

இனி தாள். முதல் நாள் ராத்திரியே தூரிகையால் நீர் தடவி, ஈரச் செய்தித்தாளுக்கு நடுவே அடுக்கி, பாலிதீனில் மூடி, மேலே ஒரு பலகை. காலையில் ஐந்து தாளுக்குமேல் ஒரே நேரத்தில் வெளியே எடுக்கக் கூடாது. அச்சு விழுந்த தாளும் உடனே இன்னோர் ஈரப் பொதிக்குள் போய்விட வேண்டும், அடுத்த நிறம் வரைக்கும் அங்கேயேதான் இருக்கும். மையில் ரெண்டு சொட்டு கிளிசரின் விடுங்கள், கட்டைமேல் காய்வது தாமதப்படும். ஜன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள். எல்லா நிறத்தையும் காலை பதினோரு மணிக்குள் முடித்துவிட்டு, மத்தியானத்தைச் செதுக்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மைக்காரர்களுக்கு நேர்மாறு. குளிர்ந்த காலையில் மை கல்லாக இருக்கும், டப்பாவைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து எடுங்கள்.

உப்புத்தரையில் மேசை போடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். காற்றில் தாள் நிற்காது, உப்பு பட்ட உளி அடுத்த நாளே துரு பிடிக்கும், அந்த வெள்ளைவெளிச்சத்தில் செதுக்கிய கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அங்கே போய் வெறுங்கையோடும் திரும்ப வேண்டாம். ரண் காயும்போது உப்பு பாளம் பாளமாகப் பிரிந்து, ஒவ்வொரு பாளத்தின் விளிம்பும் புடைத்து நிற்கும். மெல்லிய நேப்பாளித் தாளை அதன்மேல் விரித்து, கறுப்பு மெழுகுக்கட்டியைப் படுக்கவைத்து லேசாகத் தேயுங்கள். விளிம்பு அப்படியே ஏறி வரும். அதைக் கொண்டுவந்து கட்டைக்கு மாற்றிச் செதுக்கிக்கொள்ளலாம்.

உளிச்சத்தம் (மதுரை):

ஐயா, உப்பு விளிம்பைத் தேய்த்தெடுக்கும் யோசனையைக் குழுவில் போட்ட ஒரு மணி நேரத்தில் கூடாரக் கட்சியும் என் பக்கம் வந்துவிட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்தத் தரை. அது இப்போது அவர்களுக்கும் கிடைக்கிறது.

முடிவானதைச் சொல்கிறேன். தங்குவது புஜ்ஜில். திங்கள் முதல் வியாழன் வரை காலையில் எங்கள் வேலை, மத்தியானம் ஆறாறு பேராக மூன்று பட்டறைக்கு. கைவேலைகளுக்கென்று அஜ்ரக்பூரிலேயே இருக்கும் எல்எல்டிசி அருங்காட்சியகத்துக்குப் புதன்கிழமை அரை நாள். வெள்ளி ரண். சனிக்கிழமை பொதுத்துணியின் அச்சு. கறுப்பு மட்டும் போதும் என்று நானே குறைத்துவிட்டேன் தம்பி. சிவப்புக்குக் கொதிக்கவிட்டு அலசி முடிக்க ஒரு நாள் போதாது, அரைகுறையாக அவர்கள் தலையில் கட்டிவிட்டு ரயில் ஏற எனக்கு மனசில்லை.

துணி ஒன்பது கஜம். அதை வெட்டிப் பங்கு போடக் கூடாது என்று எல்லோரிடமும் வாக்கு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொருவர் வீட்டிலும் மூன்று மாதம் இருந்துவிட்டு அடுத்தவருக்குப் போகும். இன்னொரு துணியும் அதே கட்டைகளால் அச்சிட்டு, மேசை தந்த பட்டறைகளிடமே விட்டுவிட்டு வருவோம். இதற்குச் சம்மதமா என்று அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும், அதை இந்த வாரம் தொலைபேசியில் கேட்கிறேன்.

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மரக்கடையில் ஆறங்குலச் சதுரத்தில், இரண்டங்குலக் கனத்தில் 20 தேக்குத் துண்டு அறுக்கச் சொல்லியாயிற்று. இரண்டு உபரி. ரேகை எல்லாவற்றிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்று சொன்னதற்கு, அப்படியென்றால் ஒரே பலகையிலிருந்து எடுக்க வேண்டும், வியாழக்கிழமை வாருங்கள் என்றார் கடைக்காரர். எவ்வளவு ஆழம் செதுக்குவது என்று மட்டும் யாராவது அளவோடு சொல்லுங்கள்.

நீலத்தொட்டி:

அக்கா, உங்கள் சுண்டுவிரல் நகம் முழுசாக உள்ளே இறங்க வேண்டும். கோட்டுக்குக் கோடு இடைவெளி நெருங்கின இடத்தில் கொஞ்சம் குறையலாம், பெரிய வெற்றிடத்தில் இன்னும் ஆழம். செதுக்கி முடித்ததும் கடலை எண்ணெயில் மூழ்கவிடுங்கள், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்து நிழலில் கவிழ்த்து வையுங்கள். எண்ணெய் சொட்டுகிற கட்டையை ரயிலில் துணிப்பைக்குள் போட்டுவிடாதீர்கள்.